கடைச்சோறு

பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ச்சந்து மெஸ்ஸில், பேச்சித்தாய் கேரியரைப் பிரித்து மூன்று அடுக்கையும் மேசைமேல் வரிசையாக வைத்தாள். பரிமாறுகிறவர் நிமிர்ந்து பார்த்தார்.

"என்ன தாயி, வீட்ல சமைக்கலியா?"

"அம்மாவுக்கு மேலுக்குச் சுகமில்ல அண்ணாச்சி. ஒரு ஆம்லெட்டும் போடுங்க. உள்ளி நெறைய."

அம்மா செத்து ஏழு மணி நேரம் ஆகியிருந்தது. விடியற்காலையில் பருத்திக்குப் போகத் தலையில் துண்டைக் கட்டியவள், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வாசலிலேயே சரிந்துவிட்டாள். பசுவந்தனையிலிருந்து கார் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துபோனது.

தம்பி பூவனலிங்கம் கோவில்பட்டியில் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் ரூம் எடுத்து பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தான். மறுநாள் அவனுக்குக் கணக்குப் பரீட்சை. இஞ்சினியரிங் கிடைப்பதும் கிடைக்காததும் அதில்தான் இருக்கிறது என்று அம்மா சொர்ணத்தாய் பருத்திக் காட்டில் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லித் திரிந்தாள். "எம்மவன் கட்டடத்துக்குப் படம் போடுத படிப்பு படிக்கப் போறான்" என்பாள். கட்டடத்துக்கு எதற்குப் படம் என்று அவளுக்கும் தெரியாது, கேட்டவர்களுக்கும் தெரியாது.

வாசலில் வேப்பமரத்தடியில் வைத்துத்தான் பேசி முடித்தார்கள். தாய்மாமன் சாமித்துரை சொன்னார்: "இன்னைக்குச் சொன்னா நாளைக்கு அவன் பேனாவப் பிடிப்பானா? பரீட்சை முடியட்டும். மத்தியானம் நானே போய்க் கூட்டிட்டு வாரேன்."

பிள்ளைகளைப் பெற்ற அய்யா கடற்கரை, துண்டை வாயில் அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "கொள்ளி வைக்கப் பிள்ளை வேண்டாமா மாப்ள?"

"ஒங்க அண்ணன் மவன் முத்துசெல்வம் வைக்கட்டும். இந்த வெயில்ல நாளை வரைக்கும் போட்டு வைக்க முடியுமா? எங்கக்கா ஆசைப்பட்டதே இந்தப் படிப்புக்குத்தான? அவளக் கேட்டாலும் இதத்தான் சொல்லுவா."

அவளைக் கேட்க முடியாது என்பதால் அதுவே முடிவானது. மாமா திரும்பினார். "ஏட்டி பேச்சி, நீ எப்பவும் போல சோறு கொண்டு போ. நீ போகலன்னா அவனே பஸ் ஏறி வந்து நின்னுருவான்."

பேச்சித்தாய் கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆபீஸுக்குப் போகிறவள். தினமும் அம்மா கட்டிக்கொடுக்கும் கேரியரை மத்தியானம் தம்பியிடம் கொண்டுபோய்க் கொடுப்பதும் அவள்தான். ஆனால் துட்டி வீட்டில் அடுப்புப் பற்றவைக்க முடியுமா? பிணம் எடுக்கும்வரை அந்தத் தெருவிலேயே யாரும் சோற்றைத் தொடமாட்டார்கள். முந்தின நாள் தம்பி ஆம்லெட் கேட்டானென்று அம்மா எடுத்துவைத்த இரண்டு முட்டையும் அரிசிப் பானைக்குள் அப்படியே கிடந்தன. வெறும் கேரியரைத் தூக்கிக்கொண்டு அவள் பஸ் ஏறினாள். இறங்கியதும் பஸ் ஸ்டாண்டுக் குழாயில் முகத்தைக் கழுவினாள்.

ரூம் சுவர் முழுக்கச் சூத்திரங்களை எழுதி ஒட்டி வைத்திருந்தான். அவளைப் பார்த்ததும் பேனாவைக் காதில் செருகிக்கொண்டு எழுந்தான்.

"ஏன்க்கா மூஞ்சி வீங்கிருக்கு?"

"ஆபீஸ்ல தீக்குச்சி மருந்து நெடி, அதாம்லே."

"இன்னும் நாலே வருசம். ஒன்னய அங்கருந்து தூக்கிருவேன்."

தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து சாப்பிட்டான். சொல்லிவிடலாம் என்று அவளுக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்தது. நாலு மணிக்குத்தான் எடுக்கிறார்கள்; இப்போது கிளம்பினால்கூட முகத்தைப் பார்த்துவிடலாம். அவன் குழம்பை வழித்து நக்கினான்.

"அம்மாட்ட சொல்லு. பதினேழு வருசத்துல இன்னைக்குத்தான் கொழம்புல உப்பு கணக்கா விழுந்திருக்கு. ஆருட்டப் போய்ப் படிச்சா?"

சொல்லிவிட்டு அவனே சிரித்தான். பேச்சித்தாயும் சிரித்தாள். எங்கிருந்து அந்தச் சிரிப்பு வந்ததென்று அவளுக்கு இன்றுவரை தெரியாது. கடைசி வாய்ச் சோற்றை எப்போதும் அக்காவுக்குக் கொடுப்பது அவன் வழக்கம். ஆம்லெட்டின் கடைசித் துண்டில் சோற்றை வைத்து உருட்டி நீட்டினான். வேண்டாம் என்றால் ஏன் என்பான். அவள் வாயைத் திறந்து வாங்கி முழுங்கினாள்.

பஸ் பிந்தி, அவள் ஊர் வந்து சேர்ந்தபோது பிணத்தை எடுத்து வீட்டைக் கழுவிவிட்டிருந்தார்கள். தெருவில் தண்ணீர் ஓடிக் கரிசல் மண் குழைந்து கிடந்தது. அவள் செருப்பில் அப்பிக்கொண்டு கூடவே வாசல்வரை வந்தது.

மறுநாள் பள்ளிக்கூட வாசலில் சாமித்துரை மாமா முதலில் கேட்டது, "எப்படி எழுதுன?" என்றுதான்.

"நூத்துத் தொண்ணூறு தாண்டும் மாமா."

மாமா நிம்மதியாகத் தலையாட்டினார். அதற்கப்புறம் சொன்னார்.

சுடுகாட்டில் முத்துசெல்வத்துக்குப் பக்கத்தில் நின்று சாம்பலில் பால் ஊற்றும்போதும் பூவனலிங்கம் அழவில்லை. வீட்டுக்கு வந்ததும் அக்காவிடம் ஒன்றே ஒன்று கேட்டான்.

"எத்தன மணிக்கு எடுத்தீக?"

"நாலு."

அவன் கொல்லைப்பக்கம் போய் வாய்க்குள் விரலை விட்டு ஓங்கரித்தான். ஒரு நாள் கழித்து என்ன வரும்? வெறும் தண்ணீர்தான் வந்தது. பிடிக்கப்போன பேச்சித்தாயின் கையைத் தட்டிவிட்டான்.

அதற்குப் பிறகு அவள் போட்ட சோற்றை அவன் தொடவில்லை. மாமா வீட்டில் சாப்பிட்டான். எடுத்த முடிவு மாமாவுடையது, ஒத்துக்கொண்டவர் அய்யா. அவர்களோடு சாதாரணமாகப் பேசினான். சோறு கொண்டுபோனவள் இவள்தானே. கணக்கில் நூற்றுத் தொண்ணூற்றாறு என்று ரிசல்ட் வந்த அன்று தெருவில் எல்லோருக்கும் மிட்டாய் கொடுத்தார்கள். "சொர்ணத்துக்குக் குடுத்து வைக்கல" என்று சொல்லிக்கொண்டே வாங்கி வாயில் போட்டுக்கொண்டார்கள். கோயம்புத்தூரில் ஸீட் கிடைத்தது. கட்டடப் படிப்புத்தான்.

கிளம்புகிற அன்று பேச்சித்தாய் இருட்டோடு எழுந்து சமைத்தாள். புளிச்சோறு, உருளைக்கிழங்கு. முட்டை வைக்கப் பயமாக இருந்தது. அவசரத்தில் எண்ணெய் தெறித்து ஆள்காட்டி விரலில் கொப்பளித்துவிட்டது.

கோவில்பட்டியில் பஸ் புறப்படும் நேரம் பார்த்து ஜன்னல் வழியாகக் கேரியரை நீட்டினாள். அவன் வாங்கி மடியில் வைத்துக்கொண்டான். நாலு மாதத்தில் முதல் தடவையாக அவள் முகத்தை நேராகப் பார்த்தான்.

"எந்தக் கடையில வாங்குன?" என்றான்.

அய்யா காதில் விழாதவர்போலப் பஸ் போர்டை எழுத்துக்கூட்டி வாசித்துக்கொண்டிருந்தார். கண்டக்டர் விசிலடித்தார். பஸ் அந்த எதிர்ச்சந்தைத் தாண்டித் திரும்பி மறைந்தது. மெஸ் வாசலில் பரிமாறுகிறவர் நின்று வெளியே தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். பேச்சித்தாய் கொப்பளித்த விரலை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். கழுவிய பிறகும் அதில் புளி இருந்தது.