ஒரே நல்ல நேரத்தில் வந்த இரண்டு கல்லூரிகள்

எங்கள் பக்கத்தில், வாலிபால் நன்றாக ஆடுகிற பிள்ளையை எடுத்துக்கொள்ள விரும்பும் கல்லூரி தானே நேரில் வந்து வீட்டில் கேட்கும். ஆள் அனுப்பிக் கேட்பது மரியாதையில்லை. கட்டடம், மரங்கள், சைக்கிள் ஸ்டாண்டு, உள்ளே பாடம் கேட்டுக்கொண்டிருக்கும் பிள்ளைகள் எல்லாம் சேர்ந்துதான் வரும். தெருவில் காயப்போட்ட துணிகளை எடுத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

மாவட்டப் போட்டியில் சந்தனமாரி அடித்த அடியைப் பார்த்து இரண்டு கல்லூரிகள் வருவதாகச் சொல்லின. அவள் அப்பா அழகுமலை லாரி ஓட்டுகிறவர். காலண்டரைப் பார்த்தார். அந்த வாரத்தில் வெள்ளிக்கிழமை காலை ஒன்றுதான் நல்ல நேரமாகத் தேறியது. இரண்டுக்கும் அதையே சொல்லிவிட்டார்.

"ஒரு பொண்ணப் பாக்க ரெண்டு மாப்பிள்ளை வீட்டுக்காரகள ஒரே நேரத்துக்கு வரச் சொன்ன ஆளு நீங்க ஒருத்தர்தான்" என்றாள் அம்மா பேச்சியம்மாள்.

"அதுக்காக எமகண்டத்துல வரச் சொல்லவா?"

சந்தனமாரிக்குக் கவலை வேறு. அவளுக்குப் பந்து தூக்கிக் கொடுப்பவள் பக்கத்து வீட்டு ஜெனோவா. சின்ன வயதிலிருந்தே ஜெனோவா விரல் நுனியால் பந்தை மேலே விடுவாள், இவள் எகிறி அடிப்பாள். பெயர் அடிக்கிறவளுக்குத்தான் வரும். கல்லூரிகளும் அடிக்கிறவளைத்தான் கேட்டன. வேறொருத்தி தூக்கிய பந்தை ஒருநாள் அடித்துப் பார்த்தாள் சந்தனமாரி. யார் வீட்டுத் தலையணையிலோ படுத்த மாதிரி இருந்தது.

"ஜெனோவாவையும் எடுத்துக்கிடுவீகளான்னு கேளும்மா."

"பொண்ணு கேட்டு வந்தவககிட்ட, பக்கத்து வீட்டுப் பொண்ணையும் சேத்துக் கட்டிக்கிடுங்கன்னா சொல்ல? போ, தலையச் சீவு."

வெள்ளிக்கிழமை மேற்கேயிருந்து மூன்று மாடிச் செங்கல் கல்லூரி வந்தது. ரேஷன் கடை முக்கில் திரும்ப முடியாமல் நின்றது. அழகுமலை போய், "வரட்டும்... வரட்டும்... லெஃப்ட்ல ஒடிங்க... போதும்" என்று சுவரைத் தட்டித் தட்டி உள்ளே வாங்கினார். அது மூச்சுவிடுவதற்குள் கிழக்கேயிருந்து இன்னொன்று. ஓடு வேய்ந்தது, நீளமான தாழ்வாரம், வந்த வழியெல்லாம் கடல் மணல் உதிர்ந்து கிடந்தது. தெருவில் வேறொன்று நிற்பதைப் பார்த்ததும் கூச்சப்பட்டு வாட்டர் டேங்குக்குப் பின்னால் ஒதுங்கியது. தென்னைகள் மட்டும் வெளியே தெரிந்தன.

பேச்சியம்மாள் ஜன்னல் ஜன்னலாகப் பஜ்ஜி கொடுத்தாள். "கெமிஸ்ட்ரி லேபுக்குச் சட்னி குடுக்காத. டியூப்ல ஊத்திக் கலர் பாப்பானுவ" என்று அழகுமலை பின்னாலிருந்து சொன்னார்.

செங்கல் கல்லூரியின் பி.டி. சார் மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, "எங்ககிட்ட வந்தா தினமும் முட்டைம்மா" என்றார்.

"எங்ககிட்ட மீனு" என்றார் டேங்குக்குப் பின்னாலிருந்து மற்ற பி.டி. சார்.

"பந்து தூக்கிக் குடுக்க ஆள் வேணுமா சார்?" என்று சந்தனமாரி கேட்டாள்.

"அதுக்கு இருக்காங்கம்மா" என்று இருவரும் சேர்ந்தே சொன்னார்கள்.

முடிவு சொல்வதற்கு ஒரு வழக்கம் உண்டு. நடுத்தெருவில் பந்தைத் தூக்கிவிடுவார்கள். பிள்ளை எகிறி அடிக்க, எந்த வாசலுக்குள் பந்து போகிறதோ அந்தக் கல்லூரி. பந்து இறங்கும்வரை வந்தவர்கள் கிளம்பக் கூடாது.

தூக்குவதற்கு ஜெனோவாவைக் கூப்பிட்டார்கள். வேறு யாரைக் கூப்பிட? வந்தாள். யார் முகத்தையும் பார்க்கவில்லை. முழங்காலை மடக்கி, பந்தை மேலே விட்டாள். அது தென்னையைத் தாண்டியது, டேங்கைத் தாண்டியது, கடுகாகிக் காணாமல் போனது.

"எம்புட்டு உசரம்ளா தூக்கின?" என்றாள் சந்தனமாரி.

"நாளைக்கு மத்தியானம் வரும்." ஜெனோவா மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "இன்னைக்கு ஒரு நாளாச்சும் சேந்து இருப்பமேன்னு தோணிச்சு."

இருவரும் டேங்க் படியில் போய் உட்கார்ந்து ஆறிப்போன பஜ்ஜியைத் தின்றார்கள்.

"அங்க எவளாச்சும் தாழ்வாத் தூக்கிக் குடுத்தா சண்டைக்குப் போவாத. கொஞ்சம் முந்தி எகிறு, சரியா வரும்."

"நீ என்ன செய்வ?"

"தையல் கிளாஸுக்குப் போவேன்."

"கிழிச்ச. ஊசி நூலையும் மேல தூக்கிவிட்டுட்டு, எவ அடிப்பான்னு பாத்துக்கிட்டு நிப்ப."

ஜெனோவா சிரித்தாள். சிரித்ததில் பஜ்ஜி புரையேறி, சந்தனமாரி முதுகில் தட்டினாள். தட்டிய கையை அப்புறம் எடுக்கவில்லை.

காத்திருக்கும் கல்லூரிகளுக்கு வேறு வேலை இல்லை. மத்தியானம் செங்கல் கல்லூரி லேசாக முன்னால் நகர்ந்தது. ஓட்டுக் கல்லூரி டேங்குக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தது. சாயங்காலம் ஒன்றின் சுவர்மேல் ஒன்று சாய்ந்திருந்தது. தெருக்காரர்கள் நாகரிகமாக வேறு பக்கம் பார்த்துக்கொண்டு போனார்கள்.

காலையில் இரண்டுக்கும் நடுவே ஒரு சின்னக் கல்லூரி இருந்தது. பெட்டிக்கடை உயரம், ஒரே அறை. சுவர் ஈரம் காயவில்லை.

"செவுரு அப்பன். மேல ஓடு அப்படியே ஆத்தா" என்றாள் பேச்சியம்மாள்.

சொன்ன நேரத்துக்குப் பந்து வந்தது. சந்தனமாரி எகிறினாள். மேலேயிருந்து பார்த்தால் ஒருபக்கம் முட்டை, ஒருபக்கம் மீன், நடுவில் திறந்து கிடந்த சின்ன வாசல். மணிக்கட்டைத் திருப்பி அடித்தாள். பந்து அதற்குள் போனது. உள்ளேயிருந்து சைக்கிள் பெல் மாதிரி ஒரு மணி அடித்தது.

"அதுல டீமே கிடையாதேம்மா" என்றார் முட்டை சார்.

"அதான் சார். அடிக்கவும் ஆள் வேணும், தூக்கவும் ஆள் வேணும்லா."

சொந்தப் பிள்ளையைக் குறை சொல்ல எந்தக் கல்லூரிக்கு மனம் வரும்? இரண்டும் பேச்சியம்மாளிடம் சொல்லிக்கொண்டு சேர்ந்தே கிளம்பின. ரேஷன் கடை முக்கில் இந்தமுறை ஒன்றுக்கொன்று வழி சொல்லித் திரும்பின.

சந்தனமாரியும் ஜெனோவாவும் குனிந்து உள்ளே போய் அட்மிஷன் போட்டுக்கொண்டார்கள். அடுத்த வாரம் சின்னக் கல்லூரிக்கு முதல் மாடி முளைக்கத் தொடங்கியது. பல் முளைக்கிற பிள்ளைக்கு வருவதுபோல் காய்ச்சல் கண்டு, சுவரெல்லாம் கொதித்தது. பேச்சியம்மாள் வாசல்படியில் வசம்பு உரசித் தடவினாள். பிள்ளைகள் இருவரும் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து சுவரைத் தட்டிக்கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். பொழுது சாய்வதற்குள் படிக்கட்டு வந்துவிட்டது.