நெற்றியில் திருத்திய கல்

புலம்பெயர்ந்த தமிழர்கள் வாழும் ரெய்னர்ஸ் லேனில் ஒரு வெள்ளிக்கிழமை காலை, குகதாசன் வீட்டுச் சந்தனக்கல் அவருடைய நெற்றியில் சீன மொழியில் கருத்து எழுதியது. அது சந்தனக்கல் அல்ல. சீனத்து அறிஞர்கள் தண்ணீர் விட்டு மைக்கட்டியை உரைத்து மை எடுக்கும் கல். ஹாரோவில் இறந்துபோன ஒருவரின் வீட்டுச் சாமான்களை விற்றபோது குகதாசன் அதை வாங்கினார். ஊதா கலந்த கறுப்புக் கல்லில் மேகங்கள் செதுக்கப்பட்டிருந்தன. கல்லிலேயே இருந்த பச்சைப் புள்ளியைச் சிற்பி தொடாமல் நிலவாக விட்டிருந்தான். உரைக்கச் சமதளமும் தண்ணீருக்குக் குழியும் இருந்ததால் குகதாசனுக்குச் சந்தேகம் வரவில்லை. அவருக்கு எதிலும் சந்தேகம் வருவதில்லை. அவர் மனைவி தவமலர், பல தலைமுறைகளின் மைப்படிவைக் கம்பிநாரால் தேய்த்துக் கழுவிச் சாமியறையில் வைத்தார். சந்தனக்கட்டையை உரைத்தபோது கறுப்பு மை வந்தது. வைரவர் அனுப்பிய அஞ்சனம் என்று சொல்லிக் குகதாசன் பொட்டு வைத்துக்கொண்டார். பொட்டு மெல்ல நீண்டு எழுத்துகளாகி நின்றது. சோப்புக்குப் போகவில்லை. அடுத்த வெள்ளி தானாக மறைந்தது.

குகதாசன் அப்போது கோவில் தலைவர் பதவிக்கு நின்றுகொண்டிருந்தார். அதைத் தவிர அவருக்கு வேறு ஆசை மிச்சமில்லை. அற்புதம் ஒன்று கையில் இருந்தால் வாக்கு விழும் என்று கல்லைக் கோவிலுக்கே கொடுத்தார். கோவிலில் குழல்விளக்கில்கூட உபயகாரர் பெயர் இருக்கும்; ஆகவே கல்லறைக்கல் செதுக்குபவரிடம் கொடுத்து, கல்லின் பின்புறத்தில் பழைய உரிமையாளர்கள் பொறித்துவைத்த வரிகளைச் சுரண்டி, ‘உபயம்: குகதாசன் குடும்பம்’ என்று வெட்டுவித்தார். மருத்துவர்களும் கணக்காளர்களும் வரிசையில் நின்று நெற்றியைக் கொடுத்தார்கள். எல்லோருக்கும் எழுத்து வந்தது.

வாசித்துச் சொன்னவள் மெய் லின். குகதாசனின் மகள் மிதுஷாவோடு வேதியியல் படித்தவள். சுரண்டலுக்குத் தப்பிய ஒரு வரியின்படி, அரசுத் தேர்வுத் தாள்களைத் திருத்திய ஒருவரின் கல் அது. மன்னிப்புக் கேட்டபடியே அவள் நெற்றிகளை வாசித்தாள். இருதய மருத்துவர் ஒருவருக்கு ‘மனப்பாடம்’ என்று இருந்தது. குகதாசனை எதிர்த்துப் போட்டியிட்ட இராசரத்தினத்துக்கு ‘மயிரிழையில் தேறினான்.’ குகதாசனுக்கு ‘அலங்காரம் அதிகம், பொருள் இல்லை, தேறவில்லை.’ இப்படியொரு கல் அருங்காட்சியகத்தில் இருக்க வேண்டும் என்றாள். அங்கே உபயகாரர் பெயரைப் போடுவார்களா என்று நிர்வாகம் கேட்டது.

யாரும் அவமானப்படவில்லை. பரீட்சை என்று தெரிந்ததும் அவர்களுக்குப் பழகிய நிம்மதி வந்தது.

“திரும்பி எழுத ஏலுமோ எண்டு கேள், பிள்ளை,” என்று மகளிடம் சொன்னார் குகதாசன்.

அந்த மாதமே ரெய்னர்ஸ் லேனில் நெற்றிக்கு டியூஷன் தொடங்கியது, பிறகு தமிழர் கூடிய மோர்டனிலும். மாப்பிள்ளை தேடுகிறவர்கள் கல்லின் முடிவையும் விளம்பரத்தில் சேர்த்தார்கள். தேறியவரே தலைவராகலாம் என்று கோவிலின் யாப்பு விதிகள் திருத்தப்பட்டன. குகதாசன் பிள்ளைகளோடு வகுப்பு வாங்கில் உட்கார்ந்து பயின்றார். வெள்ளிதோறும் பொட்டு வைத்தார். கருத்துகள் குறுகிக்கொண்டே வந்தன. ‘மறுபடியும் இவனா’ என்று ஒருமுறை. பிறகு வெறுமனே ‘இவன்.’ தலைவரைத் தெரிவுசெய்யும் பொதுக்கூட்டத்தன்று பொட்டு காய்ந்து பொடியாக உதிர்ந்தது. நெற்றியில் ஒன்றுமில்லை.

மிதுஷா தொலைபேசியில் மெய் லினைக் கேட்டுவிட்டுக் கூட்டத்துக்குள் வந்தாள்.

“அப்பா, வாசிக்கவே லாயக்கில்லாத தாளிலை திருத்திற ஆக்கள் ஒண்டும் எழுதமாட்டினமாம்.”

“பிழை பிடிக்க ஏலாமல் போச்சு எண்டு சொல்லு,” என்றார் குகதாசன்.

சபை அவர் நெற்றியைப் பார்த்தது. இவ்வளவு துப்புரவான நெற்றியை அங்கே யாரும் கண்டதில்லை. இராசரத்தினம் தன் நெற்றியிலிருந்த எழுத்தைக் கைக்குட்டையால் மறைத்துக்கொண்டு போட்டியிலிருந்து விலகினார். “அண்ணைக்கு ஒரு சொல்லும் இல்லை, எனக்கு ஒரு வரி கிடக்கு,” என்று ஒப்புக்கொண்டார்.

குகதாசன்தான் இன்றும் தலைவர். கல் வெள்ளிக்கிழமைகளில் எழுதுகிறது, முன்பைவிடக் குறைவாக. ஒன்றும் எழுதப்படாதவர்களின் தொகை கூடியதால், அவர்களுக்கென்று கோவிலில் முன்வரிசை ஒதுக்கியிருக்கிறார்கள்.