கிரீஸ் தடவாத போல்ட்

அமெரிக்க நகரமான டுலூத்தில் பனி உருகச் சாலைக்கு உப்புக் கொட்டும் காலம் முடிந்த முதல் சனிக்கிழமையே நார்பர்ட் ஸ்டாங் பக்கத்து வீட்டு ஆர்லீன் கிவெலாவைத் தன் கராஜுக்கு இழுத்து வந்துவிட்டான். ஓய்வுபெற்ற பல் டாக்டர் அவன். ஏலத்தில் எடுத்த எழுபத்தாறாம் வருட மோட்டார் சைக்கிளைக் குளிர்காலம் முழுக்கப் பாகம் பாகமாகக் கழற்றி வந்தவன், பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மில் வந்து மாட்டிக்கொண்டான். அதைச் சட்டத்தோடு பிணைக்கும் நீள போல்ட்டில் நட்டு மட்டும் கழன்றது. போல்ட் அசையவில்லை.

"நாப்பது வருஷம் பல்லு புடுங்கியிருக்கேன், ஆர்லீன். இப்படி ஒரு கடவாப்பல்லைப் பார்த்ததே இல்ல. ஒரு பொட்டு கிரீஸ்கூட வைக்காம சொருகியிருக்கான் எவனோ ஒரு தடிமாடு. அவன் மட்டும் கையில கிடைச்சா, மயக்க ஊசியே போடாம அத்தனை பல்லையும் எடுத்துருவேன்."

நட்டை அவளிடம் நீட்டினான். அதன் ஓரத்தில் மங்கலாக ஒரு மஞ்சள் பெயின்ட் புள்ளி. ஆர்லீன் அதை விளக்குக்குக் கீழே கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

முப்பது வருடம் அவள் மெக்கானிக்காக இருந்த கடையில், நட்டை முறுக்கி முடித்ததும் அவரவர் நிறத்தில் புள்ளி வைப்பது வழக்கம். மஞ்சள் அவளுடையது. கிரீஸ் இல்லாமல் அவள் போல்ட் போட்டது வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை. அன்று வெள்ளிக்கிழமை. டப்பா காலி. புது டப்பா முற்றத்துக்கு அந்தப் பக்கம் கிடங்கில் இருந்தது. ஐந்து மணிக்கு அவளுக்கு சாஃப்ட்பால் மேட்ச். திங்கட்கிழமை கழற்றித் தடவிக்கொள்ளலாம் என்று ஓடினாள். திங்கட்கிழமை வருவதற்குள் வண்டிக்காரன் வண்டியை எடுத்துப் போய்விட்டான். மேட்சிலும் தோற்றார்கள்.

"விடு, நான் எடுத்துத் தர்றேன்" என்றாள்.

மூன்று நாள் துரு இளக்கும் எண்ணெயை ஊற்றி ஊறவைத்தாள். நான்காம் நாள் நெருப்பால் சுட்டு, சுத்தியலால் அடித்தாள். போல்ட்டின் முனைதான் காளான் போல விரிந்தது. ஒவ்வொரு அடிக்கும் நார்பர்ட் அந்தத் தடிமாட்டுக்கு ஒரு புது சாபம் கொடுத்தான். நடுநடுவே காட்டரிசி சூப் கொண்டுவந்து வைத்தான்.

"உனக்கு என்ன தலையெழுத்து, யாரோ பண்ணின பாவத்துக்கு நீ வேர்த்து விறுவிறுத்து நிக்கற! தெய்வம்மா நீ."

அவள் சூப்பைத் தள்ளி வைத்துவிட்டு மறுபடி சுத்தியலை எடுத்தாள்.

ஐந்தாம் நாள், ஸ்விங் ஆர்முக்கும் சட்டத்துக்கும் இடையே இருந்த மெல்லிய இடுக்கில் ரம்பத்தை விட்டு இரண்டு பக்கமும் போல்ட்டை அறுத்தாள். மூன்று மணி நேரம், ஏழு பிளேடு. ஆர்ம் தொப்பென்று கீழே விழுந்தது. உள்ளே மிச்சமிருந்த துண்டை ஹைட்ராலிக் பிரஸ்ஸில் வைத்து அழுத்தியதும், துப்பாக்கி வெடித்த மாதிரி ஒரு சத்தத்தோடு அது வெளியே வந்தது. நார்பர்ட் அவளைக் கட்டிக்கொண்டான். இனியும் தாங்காது என்று தோன்றியது அவளுக்கு.

"நார்பர்ட், அந்தத் தடிமாடு நான்தான்."

மஞ்சள் புள்ளி, காலி டப்பா, மேட்ச் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் கண்ணில் நீர் வரச் சிரித்தான்.

"என்னைச் சமாதானப்படுத்த இப்படியெல்லாம் கதை கட்டாத. உன் வேலை எனக்குத் தெரியாதா? இது எவனோ ஒரு சோம்பேறிப் பய பண்ணினது."

"சத்தியமா நான்தான்யா!"

"சரி சரி, நீதான். போய்க் கை கழுவு."

ஞாயிற்றுக்கிழமை பழைய மோட்டார் சைக்கிள் பிரியர்கள் சங்கத்தின் காலை விருந்தில் அந்த போல்ட் துண்டு மேஜை மேஜையாகச் சுற்றியது. கையில் வாங்கியவர்கள் எல்லோரும் மறக்காமல் ஒரு வசவும் வைத்தார்கள். ஆர்லீனிடம் வந்தபோது கூடமே அவளைப் பார்த்தது.

"போட்டவ ஒண்ணும் கெட்டவ இல்ல. அன்னைக்கு அவசரத்துல இருந்தா" என்றாள்.

"பார்த்தீங்களா, என்ன ஒரு பெருந்தன்மை!" என்று நார்பர்ட் எழுந்து கை தட்டினான். எல்லோரும் தட்டினார்கள். அவசர வேலையால் வரும் கேடு பற்றி அடுத்த கூட்டத்தில் ஆர்லீன் பேச வேண்டும் என்று அங்கேயே தீர்மானமும் போட்டார்கள். அவள் இரண்டு தடவை மறுத்தாள். அதைத் தன்னடக்கம் என்று குறித்துக்கொண்டார்கள்.