குதிரைத் தொடையில் ஒரு பெயர்

வார இதழைப் படித்த ஹெட்டி ப்ரூகருக்கு உள்ளங்காலிலிருந்து உச்சி வரைக்கும் பற்றி எரிந்தது.

நியூயார்க்கில் வருஷக்கணக்காகச் சோப்பு விளம்பரத்துக்குக் கொழுகொழு குழந்தைகளையே வரைந்து சலித்துப்போனவள் அவள். வழக்கமான ஓவியர் கடைசி நேரத்தில் கைவிரித்ததால்தான் இந்த இதழின் கௌபாய் தொடர்கதைக்குப் படம் போடும் வேலை அவளிடம் வந்தது. புழுதி, துப்பாக்கி, மாட்டுத் திருடர்கள் என்று வரைந்து தள்ளினாள். கதையைவிடப் படத்தைப் பற்றித்தான் ஊரெல்லாம் பேச்சு. இனிமேல் சோப்புக் குழந்தைகளுக்கு ஒரு முழுக்கு என்று அவள் சந்தோஷப்பட்டது தப்பா?

ஆனால் ஒவ்வொரு வாரமும் அவள் கையெழுத்து இருந்த கீழ்மூலையை வெட்டிவிட்டே அச்சேற்றினார்கள். பக்கத்தில் இடமில்லை என்றார்கள். பைத்தியக்காரி, நம்பினாள். இந்த வாரமோ ஆசிரியர் கார்வின் கொஞ்சமும் கூசாமல் எழுதியிருந்தார்: ‘எங்கள் ஓவியர் வயோமிங்கில் மாடு மேய்த்தவர். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட அடக்கமான மனிதர்.’

“மாடு மேய்ச்சவனாம்! அடக்கமானவனாம்!” என்று கத்தியபடி ஹெட்டி தூரிகையை எடுத்தாள். அடுத்த இதழுக்கான படம் காயப் போட்டிருந்தது. நடுவில் கதாநாயகனின் குதிரை. இன்னார் குதிரை என்று தெரிய அதன் தொடையில் சூடு போடுவது பண்ணைக்காரர்கள் வழக்கம். கதையில் வரும் பண்ணையின் சூட்டுக்குறியை அழித்துவிட்டு, அங்கே தன் முழுப்பெயரையும் சூடாகப் போட்டாள்.

மறுநாள் படத்தைப் பார்த்த கார்வினுக்கு முகம் சிவந்துவிட்டது.

“கஸ், இதை வெட்டுய்யா!”

அச்சுக்குப் பக்கங்களை வெட்டி ஒட்டும் கஸ் கத்தியோடு வந்து எட்டிப் பார்த்தான். “எங்க சார் வெட்டுறது? வெட்டினா குதிரைக்குப் பின்பக்கமே இருக்காதே.”

கார்வின் ஹெட்டி பக்கம் திரும்பினார். “மிஸ் ப்ரூகர், ஒழுங்கா அழிச்சுக் குடுங்க. கௌபாய் கதைக்கு ஒரு பொம்பள படம் போடுறான்னு தெரிஞ்சா வாசகன் சிரிப்பான்.”

“இத்தனை வாரமா எவன் சிரிச்சான்? வாயப் பொளந்துக்கிட்டுல்ல பார்த்தான்!” என்று சீறினாள் ஹெட்டி. “அழிக்க மாட்டேன். இதைப் போடுங்க. இல்லையா, அந்த மாடு மேய்ச்ச மகராசனைக் கூப்பிட்டு வரையச் சொல்லுங்க.”

அச்சகத்திலிருந்து தொலைபேசி விடாமல் அடித்தது. கார்வின் படத்தையும் அவளையும் மாறி மாறி முறைத்தார். வேறு படமும் இல்லை, வேறு வழியும் இல்லை. “கொண்டுபோய்த் தொலை” என்று கஸ்ஸிடம் நீட்டினார்.

அவள் கதவருகே போனபோது குரலைத் தணித்துக்கொண்டு சொன்னார்: “அடுத்த வாரம் வழக்கம்போல மூலையிலேயே கையெழுத்துப் போடுங்க. வெட்ட மாட்டோம்.”

“உங்க பேச்சை நம்பவா?” ஹெட்டி திரும்பினாள். “அடுத்த வாரம் உங்க கதாநாயகன் நெத்தியில போடுறேன். தைரியம் இருந்தா அவன் தலையை வெட்டுங்க.”