அப்பாவைக் குளிப்பாட்ட ஓர் ஆள்

பொய் சொல்வதில் மகள் ஒன்றும் கைதேர்ந்தவள் இல்லை. தையல் தொழிற்சாலையில் ஒரு கூட்டத்தையே கட்டி மேய்க்கிறவள். அங்கே ஒரு தையல் பிசகினாலும் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவாள். ஆனால் அப்பாவைப் பார்த்துக்கொள்ள வந்த பெண்ணிடம் அன்று வாய் கூசாமல் சொன்னாள்: "அப்பா பச்சைக் குழந்தை மாதிரிம்மா. ஒரு தொந்தரவும் இருக்காது."

பச்சைக் குழந்தைதான். போன தடவை வந்தவர் மூக்கை உடைத்த குழந்தை! அதற்கு முன்னால் வந்தவர் பையை எடுத்துப் போகக்கூடத் திரும்பி வரவில்லை. மகளுக்கு விடுப்பெல்லாம் தீர்ந்துவிட்டது. திங்கட்கிழமை வராவிட்டால் இனி வரவே வேண்டாம் என்று மேலாளர் சொல்லியாயிற்று. வீட்டில் இருப்பது அவளும் அப்பாவும் மட்டும். இந்தப் பெண்ணை விட்டால் வேறு ஆளில்லை என்று ஆள் அனுப்பும் நிலையத்தில் கைவிரித்துவிட்டார்கள்.

அப்பா காலமெல்லாம் சலூன் நடத்தியவர். ஊரார் தலைக்குப் பின்னால் அவர் நின்றார். அவர் தலைக்குப் பின்னால் யாரையும் நிற்க விட்டதில்லை. மறதி நோய் எல்லாவற்றையும் துடைத்துக்கொண்டு போனாலும் இதை மட்டும் விட்டுவைத்தது. பின்னாலிருந்து யாராவது தலையில் கை வைத்தால் அவர் கை தானாக ஓங்கிவிடும். இரண்டு பேர் ஓடிய பிறகு, தானும் வாங்கிக் கட்டிக்கொண்ட பிறகுதான், மகள் ஒரு வழி கண்டுபிடித்தாள். குளிக்கும் முக்காலிக்கு எதிரே பெரிய கண்ணாடியைச் சாய்த்து வைத்து, தோளில் துண்டைப் போர்த்திவிட வேண்டும். பின்னால் நிற்கிறவர் முகம் கண்ணாடியில் தெரிந்துவிட்டால் மனுஷர் அப்படியே அடங்கிவிடுவார். "காதோரம் பாத்து" என்று யோசனைகூடச் சொல்வார்.

அந்தக் கண்ணாடியைத்தான் அன்று காலையில் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். குளியலறையில் இது எதற்கு என்று வருகிறவள் கேட்டால்? ஒன்றைச் சொன்னால் எல்லாவற்றையும் சொல்லியாக வேண்டும். கொஞ்ச நாள் தானே குளிப்பாட்டிவிட்டு, பெண் பழகியதும் பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம். திட்டமெல்லாம் நன்றாகத்தான் போட்டாள்.

வந்த பெண்ணோ சும்மா உட்காருகிறவள் இல்லை. மகள் அடுப்படியில் இருந்த நேரம் அப்பா சாப்பாட்டை மேலெல்லாம் கொட்டிக்கொள்ள, கேட்காமலே அவரைக் குளியலறைக்குக் கூட்டிப் போய்விட்டாள். தண்ணீர் விழும் சத்தம் கேட்டு மகள் போட்டது போட்டபடி ஓடினாள். அதற்குள் பளாரென்று அறை விழும் சத்தமும் கேட்டுவிட்டது.

அந்தப் பெண்ணின் உதடு கிழிந்திருந்தது. கூடத்துக்கு வந்து, துப்பட்டா முனையால் ரத்தத்தை ஒற்றிக்கொண்டே கேட்டாள். "அடிப்பாருன்னு உங்களுக்குத் தெரியுமாக்கா?"

"தெரியும்."

மகள் கண்ணாடி விஷயத்தையும் சொன்னாள். சொல்லச் சொல்ல அவளுக்கே தன்மேல் அருவருப்பாக இருந்தது. அடியை மறைக்கப் போய், அடி விழாமல் தப்பிக்கிற வழியையும் சேர்த்தல்லவா மறைத்திருக்கிறாள்!

"சொல்லியிருந்தாலும் வந்திருப்பேன்கா," என்றாள் அந்தப் பெண். "இனிமே முடியாது. நீங்க எதைச் சொன்னாலும் நம்ப முடியாதே."

அவள் பையை எடுத்தபோது அப்பா ஈரம் சொட்டச் சொட்ட வந்து நின்றார். உதட்டைப் பார்த்ததும் பதறிப்போனார். "ஐயையோ, யாரும்மா அடிச்சது?"

அந்தப் பெண் மகளை ஒரு பார்வை பார்த்தாள், அவ்வளவுதான்.

"நான்தாம்பா," என்றாள் மகள். காலையிலிருந்து பேசியதில் இதுதான் முழு உண்மை என்று தோன்றியது.

அப்பா அவளை ஏற இறங்கப் பார்த்தார். பெற்ற மகள் என்று அந்தக் கண்ணுக்குத் தெரியவில்லை. தள்ளாடிக்கொண்டே வந்து இருவருக்கும் நடுவில் நின்றார்.

"ஒரு பொண்ணை இப்படியா அடிப்பே? இன்னொரு தடவை கிட்ட வந்தே, தெரியும் சேதி!" பிறகு தணிந்த குரலில், "நீ பயப்படாம வீட்டுக்குப் போம்மா. இந்தப் பக்கமே திரும்பி வராதே," என்றார்.

"சரிங்கய்யா." அந்தப் பெண் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினாள்.

அப்பா குளிரில் நடுங்கிக்கொண்டிருந்தார். மகள் துண்டை எடுத்துக்கொண்டு கிட்டே போனாள். அவர் கையை ஓங்கினார். அவள் விலகவில்லை.