ஜிலேபி மீனுக்கு ஓரவஞ்சனை

கும்மிடிப்பூண்டி கம்பெனிகளின் புகை எட்டிப்பார்க்கும் தூரத்தில் கோவிந்தம்மாவுக்கு இரண்டு மீன் தொட்டிகள் இருந்தன. இரண்டிலும் ஜிலேபி மீன். மீன்வளக் கல்லூரியிலிருந்து வந்த கவிப்பிரியா அவற்றில்தான் ஆராய்ச்சி வைத்திருந்தாள். துத்தநாகத்தைக் கண்ணுக்கே தெரியாத நானோ பொடியாக்கித் தீவனத்தில் கலந்திருந்தாள். அது இடது தொட்டிக்கு. வலது தொட்டிக்கு வெறும் தீவனம். கடைசியில் எது கொழுத்தது, எதன் ரத்தம் நல்ல ரத்தம் என்று பார்க்கவேண்டும். வித்தியாசம் தெரிந்தால் டாக்டர் பட்டம். தீவனம் போடுவது கோவிந்தம்மாவின் வேலை.

கோவிந்தம்மாவோ பந்தியில் பரிமாறினால் தலைவருக்கும் தவில்காரருக்கும் ஒரே அளவு பாயசம் ஊற்றுகிற பிறவி. அவளிடம் போய் ஒரு தொட்டிக்கு விருந்து, ஒரு தொட்டிக்கு வெறுஞ்சோறு என்றால் நடக்குமா? வலது தொட்டி மீன்கள் வாயைப் பிளந்துகொண்டு அவளையே பார்த்தன. மீன் எப்போதும் வாயைப் பிளந்துகொண்டுதான் பார்க்கும். அதை அவளுக்கு யார் சொல்வது? மனசு கேட்கவில்லை. இரண்டு மூட்டையையும் ஒன்றாகக் கொட்டிக் கலந்து சரிபாதியாகப் போட்டுவந்தாள்.

எடை பார்த்த அன்று கவிப்பிரியாவின் முகம் செத்துவிட்டது. இரண்டு தொட்டி மீன்களும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருந்தன.

"இன்னாம்மா அழுவுற? ரெண்டும் ஒண்ணாத்தானே வளந்துகீது! நா வஞ்சன பண்லியே, கலந்துதானே போட்டேன்!" என்றாள் கோவிந்தம்மா.

கவிப்பிரியா அழுகையை நிறுத்தி அவளைப் பார்த்தாள். பிறகு முன்னைவிடச் சத்தமாக அழுதாள். "இன்னும் ஒரு தபாதான் சான்ஸு குடுப்பாரு எங்க கைடு. அப்பவாச்சும் தனித்தனியா போடுவீங்களாக்கா?"

கோவிந்தம்மாவுக்குத் தன் கையைத் தெரியும். சத்தியம் பண்ணினாலும் கேட்காது. ஒரு பெண்ணின் படிப்பைக் கெடுத்த பாவம் வேறு. இந்த வேலைக்குத் தோதான ஆள் உலகத்தில் ஒருத்திதான்: மீஞ்சூரில் சின்ன மகன் வீட்டில் இருக்கும் மாமியார் முத்தம்மாள். அவளைக் கூப்பிடுவது வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்வதுதான். இருந்தும் போன் போட்டாள்.

முத்தம்மாள் மறுநாளே ரயிலேறி வந்துவிட்டாள். கவிப்பிரியா அளந்து கொடுத்த நானோ தீவனத்தை, "துன்னுங்கடா என் ராசாக்களா" என்று கொஞ்சிக் கொஞ்சி இடது தொட்டியில் போட்டாள். வலது தொட்டியைப் பார்த்து, "உங்களுக்கு இதுவே ஜாஸ்தி" என்று முறைத்தபடி வெறும் தீவனத்தை வீசினாள். நானோ உருண்டை ஒன்று தவறி வலது தொட்டியில் விழுந்தது. கிழவி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு உள்ளே இறங்கி, மீன் வாயிலிருந்தே அதைப் பிடுங்கினாள்.

"சூப்பர் பாட்டி! இப்படித்தான் பண்ணணும்!" என்று கவிப்பிரியா கைதட்டினாள்.

முத்தம்மாள் ஊற்றிய குழம்பில் நடுத்துண்டெல்லாம் சின்ன மருமகளுக்கும் வால் துண்டு தனக்குமாகக் காலத்தைத் தள்ளிய கோவிந்தம்மா, தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள்.

"இதுக்குப் பேரு சயின்ஸா? தெரியாம இத்தினி வருசம் அழுதுகினு இருந்தேனே!"