இவாலுவுக்கு ஒரு வயது

விரிகுடாவைப் பனி அடைத்துக்கொண்டிருக்கிறது என்று ஈனோக் சொன்னபோது சிக்னே மறுபேச்சுப் பேசவில்லை. காலை உணவுக்கு முன்னால் மேல்தளத்தில் தொலைநோக்கியோடு நின்று பார்த்து, இன்று கரை இறங்கலாமா கூடாதா என்று சொல்வது அவன் வேலை. பன்னிரண்டு பயணிகள் மட்டுமே ஏறக்கூடிய அந்தச் சின்னக் கப்பலில் அந்த ஒரு விஷயத்தில் கேப்டனுக்குக்கூட அவன் சொல்தான் சொல். கரடி நிற்கிறது என்றால் நிற்கிறது. பனி வழிவிடாது என்றால் விடாது. பயணத் தலைவியான சிக்னே டென்மார்க்கிலிருந்து வந்தவள், அவன் வயதில் பாதி. அவள் உணவுக்கூடத்துக்குப் போய், சுவரில் மாட்டியிருந்த வெள்ளைப் பலகையில் முந்தின நாள் தான் எழுதிய 'அப்பாலிக் கிராமம், காப்பி, கேக்' என்ற வரியை உள்ளங்கையால் துடைத்துவிட்டு, அங்கே 'பறவைப் பாறை' என்று எழுதினாள்.

"போன தடவையும் இப்படித்தான் ஆச்சு. உங்க ஊருக்கு என்னதான் ஆச்சு, ஈனோக்?" என்றாள், கேலியாகத்தான்.

"பனிமலை உடைஞ்சுக்கிட்டே இருக்கு. காத்து எல்லாத்தையும் உள்ள தள்ளுது."

பாதி உண்மை. உள்ளே தள்ளிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் கிழக்குப் பக்கம், கருத்த பாறையை ஒட்டி, ஒரு படகு அகலத்துக்குத் தண்ணீர் திறந்திருந்தது. அந்த வழி எந்தக் காற்றிலும் மூடாது என்பது அப்பாலிக்கில் பிறந்த யாருக்கும் தெரியும். தொலைநோக்கியில் அதையும் பார்த்தான், அதற்கு மேலே சரிவில் இருந்த வீடுகளையும் பார்த்தான். பச்சை வீடு அவனுடையது. ஜன்னலில் திரை அவன் இழுத்து மூடிவிட்டு வந்தபடியே இருந்தது. பக்கத்தில், வேட்டைக் கூட்டாளி பாவியாவின் மஞ்சள் வீட்டுக் கொடியில் சின்னச் சின்னத் துணிகள் ஆடின.

இந்தக் கோடையின் கடைசிப் பயணம் இது. இதைக் கடந்துவிட்டால் அடுத்த கோடைவரை யாரும் அவனை ஊர்ப்பக்கம் கூப்பிடமாட்டார்கள். குளிர்காலத்துக்குத் தெற்கே இலுலிசாத் நகரில் மீன் பதப்படுத்தும் ஆலை இருந்தது. போன குளிர்காலத்தை அங்கேதான் ஓட்டினான். நாள் முழுக்க மீனின் வயிற்றைப் பார்த்துக்கொண்டு நிற்கும் வேலை. யாரோடும் பேசத் தேவையில்லை. உடம்பு அசந்து விழும், தூக்கம் மட்டும் வராது. களைப்பு என்பது தூங்கினால் போவது என்றுதான் அதுவரை நினைத்திருந்தான்.

அவன் மனைவி இவாலு போன வருஷம் வசந்தத்தில் இறந்தாள். அப்போது அவன் வேறொரு கப்பலில், வேறு பயணிகளுக்கு வால்ரஸ் காட்டிக்கொண்டிருந்தான். அவளைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப்போக வேண்டிய ஹெலிகாப்டர் மூடுபனியால் வரவில்லை. ஊரின் சின்ன வைத்தியசாலையில் அவள் படுத்திருந்தபோது தலைமாட்டில் இருந்தது பாவியாவின் மகள் அர்னாக், நிறைமாதக்காரி. ஈனோக் வந்து சேர்ந்தபோது கல்லடுக்கி மூடிவிட்டிருந்தார்கள். மேலே பிளாஸ்டிக் பூக்கள்கூட வைத்தாகிவிட்டது. அவன் செய்வதற்கு என்று எதுவும் மிச்சமில்லை. அடுத்த கப்பலில் ஏறிவிட்டான்.

கொஞ்ச நாளில் அர்னாக்கிடமிருந்து போன் வந்தது.

"மாப்ளே, உங்க பொண்டாட்டி வந்துட்டா. தலையில முடிதான் இல்ல. கூடவே ஒரு குஞ்சாமணியும் கொண்டு வந்திருக்கா."

பின்னால் பெண்கள் சிரிக்கும் சத்தம் கேட்டது. ஊரில் ஒருவர் போனபின் பிறக்கும் முதல் குழந்தைக்கு அவர் பெயர். ஆணா பெண்ணா என்று யாரும் பார்ப்பதில்லை, யாரையும் கேட்பதுமில்லை. பெயரோடு ஆளும் வந்துவிடுகிறார், முறையும் வந்துவிடுகிறது. அர்னாக் இனி அவனுக்கு மாமியார். போனவரின் வீட்டார் ஏதாவது உடுப்பு எடுத்துக்கொண்டு போய்க் குழந்தையை மடியில் வாங்கி, முறை சொல்லிக் கூப்பிடவேண்டும். அதுவரை அந்தக் குழந்தை வாசலில் நிற்கும் விருந்தாளி மாதிரி என்பார்கள். ஈனோக், "சிக்னல் சரியில்ல," என்று சொல்லி போனை வைத்தான். ஒரு வருஷத்துக்கு மேலாகியும் சிக்னல் சரியாகவில்லை.

அவனுக்குத் தெரியாத வழக்கமும் அல்ல. அவனே கடலில் போன ஒருவரின் பெயரைச் சுமந்து வந்தவன்தான். சின்ன வயதில், ஊர்க்கோடியில் இருந்த கரோலினே என்ற அவருடைய விதவை அவனை "எங்க வீட்டுக்காரர்" என்றுதான் கூப்பிடுவாள். கடலில் பிடித்த சீல் விலங்கை அறுத்தால் ஈரலில் முதல் துண்டு அவனுக்கு வரும். காதைப் பிடித்து இழுத்து, "போனவர் இவ்வளவு நாளா எங்க சுத்தினீரு?" என்று அதட்டுவாள். அவன் வாயில் ஈரலோடு சிரிப்பான். அது ஒரு விளையாட்டு என்றுதான் நினைத்திருந்தான். அந்தப் பெண் அப்போது உள்ளுக்குள் என்னவாக இருந்தாள் என்று இத்தனை காலத்தில் ஒருமுறையும் யோசித்ததில்லை. காதைப் பிடித்த விரல்கள் நடுங்கினவா? நினைவில்லை. ஈரலின் சூடு மட்டும் நினைவிருக்கிறது.

மேல்தளத்தில் காற்று திரும்பியது. கீழே பயணிகள் காப்பிக் கோப்பைகளோடு வெளியே வந்து, போகமுடியாத ஊரைப் படமெடுத்தார்கள். அப்போதுதான் விசைப்படகின் சத்தம் கேட்டது.

பார்க்காமலே தெரிந்தது. மூக்கடைத்தவன் குறட்டை விடுவதுபோலத்தான் அந்த எந்திரம் எப்போதும் சத்தம் போடும். கருத்த பாறையை ஒட்டி, பனித்துண்டுகளுக்கு நடுவில் வளைந்து வளைந்து, ஒரு சிவப்புப் படகு அவசரமே இல்லாமல் வந்துகொண்டிருந்தது. சிக்னே படகைப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து ஈனோக்கைப் பார்த்தாள். அவன் தொலைநோக்கியின் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தான்.

பாவியா கப்பலோடு படகை அணைத்துக் கயிற்றை வீசினார். ஈனோக் கீழ்த்தளத்துக்கு இறங்கி வந்தான். அறுபது தாண்டிய மனிதர்; முன்பல் இரண்டு இல்லை. ஈனோக்கோடு ஒரே நாய்வண்டியில் பாதி வாழ்நாள் வேட்டைக்குப் போனவர். ஏணியில் ஏறி, இடுப்பில் கைவைத்து மூச்சு வாங்கினார். முதுகில், அங்கியின் பெரிய தலைமுக்காட்டுக்குள், ஒரு குழந்தை உட்கார்ந்து எல்லாரையும் முறைத்தது.

"எப்படி வந்தீங்க?" என்றாள் சிக்னே டேனிஷில். "வழி அடைச்சிருக்குன்னு சொன்னாரே."

பாவியா ஒரு நொடி ஈனோக்கின் முகத்தைப் பார்த்தார்.

"அடைச்சுத்தான் இருக்கும்மா. உங்க ரப்பர் படகு வந்திருந்தா கிழிஞ்சு தொங்கியிருக்கும். என்னுது தகரம். எனக்கும் புத்தி தகரம், அதான் வந்துட்டேன்."

பிறகு அவர்கள் மொழியில், குரலைத் தாழ்த்தாமலே சொன்னார். "டேய், பொய்ய ஒழுங்கா சொல்லத் தெரியலேன்னா சொல்லாதடா. துணி காயப்போட வந்த உன் மாமியா கப்பலப் பாத்துட்டு, 'இந்தத் தடவையும் மாப்ள உள்ள வரமாட்டாரு, பொண்ணக் கொண்டுபோய்க் காட்டுங்கப்பா'ன்னு தூக்கி என் முதுகுல போட்டுட்டா."

ஹாலந்துக்காரப் பயணி ஒருத்தி குழந்தையின் கன்னத்தைத் தொட்டு, பையனா பெண்ணா என்று கேட்டாள். "இவன் பொண்டாட்டி," என்று பாவியா ஈனோக்கைக் காட்டினார். சிக்னே மொழிபெயர்க்க, தளமே சிரித்தது. ஈனோக்கும் உதடுகளை விரித்தான். அந்தப் பெண்மணி இருவரையும் சேர்ந்து நிற்கச் சொல்லிக் கேமராவைத் தூக்கினாள். அவன், கரடிக்காகத் தோளில் மாட்டியிருந்த துப்பாக்கியின் வாரைச் சரிசெய்யும் சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"நார்வால்!" என்று சிக்னே கத்தினாள். "அந்தப் பக்கம்! கொம்பு தெரியுது!"

பயணம் முழுக்க அவர்கள் காத்திருந்தது அந்தக் கொம்புத் திமிங்கிலத்துக்காகத்தான். கோப்பைகள் உருள, எல்லாரும் மறுபக்கக் கம்பிக்கு ஓடினார்கள். முதலில் பார்த்துச் சொல்லியிருக்க வேண்டியவன் இங்கே, வெறும் தளத்தில், பாவியாவோடு நின்றான்.

"வாங்கிக்கோ. முதுகு வலிக்குது."

"வேணாம் பாவியா."

"என்னடா வேணாம்? இன்னும் நடக்கமாட்டேங்குறா. எல்லாக் குழந்தையும் நடந்தாச்சு. நிக்கிறா, சுத்திப் பாக்குறா, உக்காந்துடுறா. நர்ஸு காலெல்லாம் நல்லாத்தான் இருக்குன்னுட்டா. யாரத் தேடுறான்னு எங்களுக்குத் தெரியாதா?"

"நான் இல்லாம போயிட்டா அவ." என்றான் ஈனோக். "இப்ப போய் என்னன்னு சொல்லிக் கூப்பிடுறது? மடியில வாங்கினதும் அழுதான்னு வை. அழுதது யாருன்னு ஊர் சொல்லும்?"

"அவதான் அழுவுறான்னு சொல்லும். அழட்டுமே. கட்டினவன் மேல கோவம் இருக்காதா?"

பாவியா குனிந்து முக்காட்டிலிருந்து குழந்தையை உருவி எடுத்து அவன் கையில் வைத்துவிட்டார். கனமாக இருந்தான். பாலும் சீல் கொழுப்பும் கலந்த வாசனை. ஈனோக் கண்ணை மூடிக்கொண்டு அழுகைக்குக் காத்திருந்தான். அழுகை வரவில்லை. கண்ணைத் திறந்தபோது குழந்தை அவன் முகத்தை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அவன் வலக்கைக் கையுறையைத்தான் பார்த்தது. சீல் தோல் கையுறை, கட்டைவிரலில் மட்டும் நாய்த்தோல் ஒட்டு. தையல் நெருக்கமாக, கோபத்தோடு போட்டதுபோல இருக்கும். குழந்தை அதைப் பிடித்து இழுத்தது. விரல் விரலாக நழுவி வந்தது. வந்ததும் கையுறையின் கட்டைவிரலை வாயில் வைத்து, இருந்த நாலைந்து பற்களால் நறநறவென்று கடிக்கத் தொடங்கியது.

"ஏய் இவாலு, கடிக்காத," என்றான் ஈனோக். "பிரிஞ்சுடும். நீ தைச்சதுதானே."

சொன்ன பிறகுதான் அது அவன் காதிலேயே விழுந்தது.

பாவியா சட்டென்று திரும்பி விரிகுடாவின் பனியை உன்னிப்பாகப் பார்க்க ஆரம்பித்தார், அதில் ஏதோ புதிதாக இருப்பதுபோல. மறுபக்கத்திலிருந்து பயணிகளின் ஆரவாரம் கேட்டது. குழந்தை கையுறையை வாயிலிருந்து எடுத்து முதல்முறையாக அவனை நிமிர்ந்து பார்த்தது. எச்சில் ஒழுகியது. பிறகு மறுபடி கடித்தது.

படகுக்கு இறங்கும்போது பாவியா கையுறையைப் பிடுங்கப் பார்த்தார். குழந்தை கொடுக்கவில்லை. "இருக்கட்டும்," என்றான் ஈனோக்.

"உடுப்பு கொடுத்தாச்சுன்னு உன் மாமியாகிட்ட சொல்லிடுறேன். ஒத்தக் கை உடுப்பு," என்றார் பாவியா. எந்திரம் இருமிக் கிளம்பியது.

பயணிகள் சிவந்த முகங்களோடு திரும்பி வந்தார்கள். சிக்னே அவன் பக்கத்தில் கம்பியைப் பிடித்து நின்றாள்.

"பறவைப் பாறைக்கு இப்ப போயிட்டா, நாளைக்குக் காலையில இதே வழியாத்தான் திரும்பணும்," என்றாள். "பனி எப்படி இருக்கும்?"

ஈனோக் விரிகுடாவைப் பார்த்தான். படகு கருத்த பாறையை ஒட்டிப் போய்க்கொண்டிருந்தது. அது கிழித்த தண்ணீர் பின்னால் கறுப்பாகத் திறந்தே கிடந்தது. பாவியாவின் முதுகில், முக்காட்டுக்கு வெளியே, சின்னக் கையில் ஒரு பெரிய கையுறை ஆடிக்கொண்டிருந்தது. காற்று பலமாக வீசியது. அவன் தன் வெறுங்கையைச் சட்டைப்பைக்குள் வைக்காமல், கம்பியின் மேல் அப்படியே விட்டிருந்தான்.